ஜிம்னிக்குப் பெரிய டயரும் பழைய இரும்பு ரிம்மும்: நான்கு வழிகளில் உங்களுக்கு எது?

ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவருக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. தார் ரோட்டிலிருந்து தோப்பு வீடு வரை செம்மண் பாதை, மழை பிடித்துவிட்டால் முழங்கால் சேறு. இன்னொருவர் சென்னையில் வேலை பார்க்கிறார், மாதம் ஒரு தடவையாவது குடும்பத்தோடு மலை ஏறிவிட்டு வருவார். இருவரிடமும் மாருதி சுசூகி ஜிம்னி, இருவருடையதும் அலாய் ரிம்மோடு வந்த ஆல்ஃபா வகை. "அண்ணே, டயரைப் பெருசாக்கலாமா? பழைய இரும்பு ரிம் செட்டு ஒண்ணு கைக்கு வருது, எடுத்துடட்டா?" ஒருவரை எடுக்கச் சொன்னேன், இன்னொருவரைப் பொறுக்கச் சொன்னேன். ஏன் அப்படி என்று விளக்கமாக எழுதினால் இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

ஜிம்னியை வைத்தே முழுவதையும் எழுதுகிறேன், நான் ஓட்டுவது அதுதான். வேறு நாலு சக்கர இழுவை வண்டி வைத்திருப்பவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், யோசிக்கும் முறை ஒன்றுதான்.

எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி: உங்களுக்கு இப்போது குறைவது பிடிப்பா, உயரமா? பெரும்பாலானவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சேற்றில் சக்கரம் வழுக்கிச் சுற்றினால் அது பிடிப்புக் குறை, அதை டயரின் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டைகள், தீர்க்கும். பாறையில் வண்டியின் அடிவயிறு தட்டினால் அது உயரக் குறை, அதற்குத்தான் டயரின் அளவு. ஜிம்னிக்குத் தரையிலிருந்து 210 மி.மீ. இடைவெளி கம்பெனியிலேயே இருக்கிறது. தோப்புப் பாதைக்கும் எஸ்டேட் பாதைக்கும் அது போதவில்லை என்று சொன்னவரை நான் இதுவரை பார்த்ததில்லை. பிடிப்புப் போதவில்லை என்று சொன்னவர்கள் நிறைய.

இரண்டாவது, எடை. ஆளும் சுமையும் இல்லாமல் ஜிம்னியின் எடை சுமார் 1,200 கிலோதான். எஞ்சின் 1.5 லிட்டர் பெட்ரோல், 105 குதிரைத் திறன், 134 நியூட்டன் மீட்டர் இழுவை. இவ்வளவு இலகுவான வண்டியில் ஒவ்வொரு சக்கரத்திலும் ஏறும் ஒவ்வொரு கிலோவும் கால் பெடலில் தெரியும். அதைச் சுற்றிவிடவும் வேண்டும், பிரேக் பிடித்து நிறுத்தவும் வேண்டும், குழியில் விழும்போது சஸ்பென்ஷன் தாங்கவும் வேண்டும்.

மூன்றாவது, ஸ்டெப்னி. இதைப் பற்றிக் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் நான்கு டயருக்குத்தான் விலை விசாரித்திருந்தார்கள். ஜிம்னியின் நாலு சக்கர இழுவை நிலைகளான 4எச் (சாதாரண வேகம்), 4எல் (மெதுவான வேகம்) இரண்டிலும் முன் அச்சும் பின் அச்சும் நேராகப் பூட்டிக்கொள்ளும், வேக வித்தியாசத்தை ஈடுகட்ட நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது. நான்கு பெரியதும் ஸ்டெப்னி மட்டும் சின்னதுமாக வைத்திருந்து, காட்டுப் பாதையில் பஞ்சரானால் அந்தச் சின்ன டயரை மாட்டிக்கொண்டு 4எச் போட முடியாது. போட்டால் கியர்பாக்ஸும் ஷாஃப்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். 2எச்-இல், அதாவது பின் சக்கர இழுவையில் ஓட்டினாலும் ஒரு சக்கரம் வேறு வேகத்தில் சுற்றுவதைப் பார்த்து, வழுக்கலைத் தடுக்கும் ஈஎஸ்பி குழம்ப வாய்ப்பிருக்கிறது. ஐந்து வாங்கக் காசு இல்லையென்றால் அளவை மாற்றாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

நான்காவது, ரிம்மின் அகலம். ஜிம்னியோடு வரும் ரிம் 15 அங்குல விட்டம், 5.5 அங்குல அகலம். ஒவ்வொரு டயர் அளவுக்கும் இத்தனை முதல் இத்தனை அங்குலம் வரை என்று டயர் கம்பெனி வரம்பு வைத்திருக்கும். அந்த வரம்புக்குக் கீழே போனால் டயர் நடுவில் புடைத்துக்கொள்ளும், ஓரங்கள் தரையில் சரியாகப் படாது, காற்றைக் குறைத்து ஓட்டும்போது ரிம்மை விட்டுக் கழலவும் செய்யும்.

கடைசியாகச் சட்டமும் இன்சூரன்ஸும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து விலகும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்து வழக்கு ஒன்றில் இதை அழுத்தமாகவே சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. உரிமையாளர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று அதில் இருக்கிறது. டயர் அளவுக்காக ரோட்டில் நிறுத்திக் கேட்பது அபூர்வம்தான். ஆனால் விபத்து நடந்து சர்வேயர் வந்து நிற்கும் நாளில் அந்த அபூர்வம் உங்களைக் காப்பாற்றாது. அளவை மாற்றுவதென்று முடிவு செய்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுகள் பக்கத்தில் பக்கத்தில்

195/80 ஆர்15 என்றால் டயரின் அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம். மற்ற அளவுகளையும் இப்படியே படியுங்கள்.

| டயர் அளவு | மொத்த உயரம் | கூடும் தரை இடைவெளி | மீட்டரில் 100 என்றால் உண்மை வேகம் | ரிம் அகல வரம்பு |
|---|---|---|---|---|
| 195/80 ஆர்15 (கம்பெனி) | 693 மி.மீ. | – | 100 | வண்டியின் 5.5 அங்குலமே சரி |
| 215/75 ஆர்15 | 704 மி.மீ. | 5 மி.மீ. | 101.5 | 5.5 முதல் 7 அங்குலம் |
| 235/75 ஆர்15 | 734 மி.மீ. | 20 மி.மீ. | கிட்டத்தட்ட 106 | 6 முதல் 8 அங்குலம் |

கம்பெனி டயரில் மீட்டர் சரியாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. டயரின் உயரம் எவ்வளவு கூடினாலும் அதில் பாதிதான் அச்சுக்கு அடியில் சேரும் என்பதைக் கவனியுங்கள். 215-க்கு மாறினால் கிடைப்பது ஐந்தே ஐந்து மில்லிமீட்டர். உயரத்துக்காக 215 போடுகிறேன் என்று யாராவது சொன்னால் அவருக்கு இந்த வரியைக் காட்டுங்கள்.

வழி 1: அதே 195/80, நல்ல பட்டன்

அலாய் ரிம்மையும் அளவையும் தொடாமல், தார் ரோட்டுக்கான ஹெச்/டி டயரை எடுத்துவிட்டு அதே அளவில், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏ/டி டயர் போடுவது. மீட்டர் மாறாது, சட்டச் சிக்கல் இல்லை, கியர் இழுவை குறையாது, பின் கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் எடையும் பெரிதாகக் கூடாது. ஐந்தையும் ஒரே நாளில் வாங்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. நான்கை மாற்றிவிட்டு, புத்தம் புதிதாகத் தொங்கும் பழைய ஸ்டெப்னியையே வைத்துக்கொள்ளலாம், உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

குறை என்னவென்றால், இந்த அளவு நம் ஊரில் அதிகம் ஓடாத அளவு. ஏ/டி பட்டனில் தேர்வு குறைவு, சொல்லிவைத்து வரவழைக்க வேண்டியிருக்கும். வால்பாறையிலோ ஏற்காட்டிலோ டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அன்றைக்கே அதே அளவில் இன்னொன்று கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது.

சென்னை நண்பருக்கு நான் சொன்னது இந்த வழி. அவருடைய நூறு கிலோமீட்டரில் தொண்ணூற்றைந்து தார் ரோடு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, கொல்லிமலைக்கு 70. எல்லாமே தார்தான். ஐப்பசி மழையில் அந்தத் தார் மேல் பிரேக் பிடிக்கும்போது கம்பெனி டயரின் மென்மையான ரப்பர் கொடுக்கும் பிடிப்பைக் கரடுமுரடான பட்டன் கொடுக்காது. அதனால் இருக்கிற டயர் தேயும் வரை பொறுக்கச் சொன்னேன். பட்டன் ஆழம் 1.6 மி.மீ. வரை இறங்கலாம் என்பது சட்டம். மழைக்காலத்தில் மலை ஏறுபவர் 3 மி.மீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

வழி 2: 215/75, இருக்கிற ரிம்மிலேயே

215/75 ஆர்15 பொலேரோவின் அளவு. டாடா சூமோவும் இதில்தான் ஓடியது. அதனால் தமிழ்நாட்டில் எந்தத் தாலுகாத் தலைநகரிலும் டயர் கடைக்காரரிடம் ஏதாவது ஒரு கம்பெனியில் இருக்கும். ஊருக்குள் ஓடுபவருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஊரைத் தாண்டிப் போகிறவருக்கு இதுதான் முதல் காரணம்.

5.5 அங்குல ரிம் இதன் வரம்பின் கீழ் எல்லையில் உட்காருகிறது. உட்காருகிறது என்பதால் தவறில்லை. அகலம் 20 மி.மீ. கூடுவது பக்கத்துக்குப் பத்துப் பத்தாகப் பிரிந்துவிடும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாலும் எங்கேயும் உரசாது. பாரக் குறியீடு பெரும்பாலும் 100, அதாவது ஒரு டயர் 800 கிலோ தாங்கும். கம்பெனி டயரின் 96 என்பது 710 கிலோ. குறைய வாய்ப்பே இல்லை, ஆனாலும் வாங்கும்போது பக்கச்சுவரில் பார்த்துவிடுங்கள்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். பக்கச்சுவர் தடித்த, சிறு லாரிக்கான டயரைப் போட்டால் வண்டி 'கெத்தாக' இருக்கும், கல்லில் கிழியாது என்று கடையில் சொல்வார்கள். கிழியாது என்பது உண்மை. ஆனால் 1,200 கிலோ வண்டி அந்தச் சுவரை அமுக்கவே அமுக்காது. டயர் தரையோடு ஒட்டாமல் கல்லுக்குக் கல் குதிக்கும், முதுகு வலிக்கும். ஜிம்னிக்குப் பயணிகள் கார் வகை ஏ/டி டயரே போதும், அதிலும் எடை குறைந்ததாகப் பார்த்து எடுங்கள். கடையில் தராசு இருந்தால் தூக்கி வைத்துப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

இந்த வழியின் மறைவான செலவு அலாய் ரிம்தான். நல்ல டயர் போட்டதும் கல்லில் இறங்க மனம் வரும், காற்றைக் குறைத்து இறங்குவோம், ஒரு நாள் ரிம்மின் விளிம்பு பாறையில் மோதும். அலாய் வளைவதோடு நிற்காது, விரிசல் விடும். விரிசல் விட்ட அலாயை வெல்டிங் வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். என் வண்டியில் அதற்கு இடமில்லை.

வழி 3: 215/75, பழைய இரும்பு ரிம் ஐந்து

பொள்ளாச்சிக்காரருக்கு நான் சொன்னது இது, நானும் இப்படித்தான் ஓட்டுகிறேன். இரும்பு ரிம் கல்லில் மோதினால் நசுங்கும், சுத்தியலால் தட்டி நிமிர்த்திவிட்டு வீடு வந்து சேரலாம். அலாய் செட்டைக் கம்பெனி டயரோடு வீட்டில் அடுக்கி வைத்துக்கொண்டால் நெடுந்தூரப் பயணத்துக்கும், வண்டியை விற்கும்போதும் அது அப்படியே இருக்கும்.

பழைய ரிம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அதன் கதை மாறும்.

ஜிம்னியின் ஜீட்டா வகை இரும்பு ரிம்மோடு வருகிறது. வாங்கியவர்களில் பலர் முதல் மாதத்திலேயே அலாய்க்கு மாறிவிடுவதால் கிட்டத்தட்ட ஓடாத செட்டுகள் சந்தைக்கு வருகின்றன. உங்களுக்குக் கிடைப்பதிலேயே நல்லது இதுதான். ஐந்து நட் ஓட்டை, அவை அமையும் வட்டம் 139.7 மி.மீ., நடு ஓட்டை 108 மி.மீ., அகலம், ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே உட்காரும் என்ற அளவு) எல்லாம் உங்கள் வண்டிக்கே செய்தது. கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுத்து எடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஜிப்ஸி ரிம். ஜிப்ஸிக்கும் அதே ஐந்து ஓட்டை, அதே 139.7. ராணுவமும் போலீஸும் கழித்துவிட்ட வண்டிகளிலிருந்து வரும் ரிம்கள் சென்னைப் புதுப்பேட்டை மாதிரியான இடங்களில் கிடைக்கும். ஆனால் ஓட்டை பொருந்துவதால் மட்டும் ரிம் பொருந்திவிடாது. ஆஃப்செட் வேறாக இருந்தால் சக்கரம் உள்ளே போகும் அல்லது வெளியே தள்ளும். உள்ளே போனால் முன் அச்சைத் தாங்கும் கம்பியில் டயர் உரசும். வெளியே தள்ளினால் பேரிங் சீக்கிரம் தேயும், சேறு கதவெல்லாம் தெறிக்கும். மொத்தமாக வாங்குவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் முன் சக்கரத்தில் மாட்டி, கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, பிரேக் காலிப்பரில் தட்டுகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள்.

மூன்றாவது வகை, எந்த வண்டியுடையது என்றே தெரியாமல் "ஜீப்புக்குப் போடுறது சார்" என்று வருவது. இதில் பாதி ட்யூப் டயருக்கானது. ட்யூப்லெஸ் ரிம்மில், டயரின் விளிம்பு உட்காரும் இடத்துக்குச் சற்று உள்ளே ஒரு சிறு மேடு வளையமாக ஓடும். விரலை வைத்துத் தடவினால் தெரியும். காற்று குறைந்த டயர் வளைவில் உள்நோக்கி நழுவாமல் தடுப்பது அந்த மேடுதான். மேடு இல்லாத ரிம்மில் ட்யூப்லெஸ் டயரைப் போட்டு மணலில் காற்றை இறக்குவது உயிரோடு விளையாடுவது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

சரி, ரிம்மை எப்படிப் பார்ப்பது? நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் தடவை ஒரு கடையில் ஐந்து ரிம்களும் பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்து, சுவரில் சாய்த்து வைத்திருந்தன. பார்த்ததும் பிடித்துவிட்டது. கூட வந்த டிங்கரிங் மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை. "புதுப் பெயின்ட் அடிச்ச பழைய ரிம்முனா உள்ள என்னமோ இருக்கு தம்பி" என்றார். பாக்கெட்டிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, நடுத்தட்டும் வெளிவளையமும் சேரும் வெல்டிங் ஓரமாகச் சுரண்டிக்கொண்டே போனார். மூன்றாவது ரிம்மில் பெயின்ட் உரிந்தது, அதற்கடியில் வெள்ளையாகப் பட்டி வந்தது, பட்டி உதிர்ந்த இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். வெல்டிங் ஓரமாகவே ஓடியிருந்தது. நான் அதே ரிம்மைக் கையில் தூக்கிப் பார்த்திருந்தேன், எனக்கு எதுவும் தெரியவில்லை.

அன்றிலிருந்து பெயின்ட் அடித்த ரிம்மை நான் எடுப்பதில்லை. துருவோடு இருப்பதையே கேட்டு வாங்குகிறேன், துரு எதையும் மறைக்காது. மேல் துரு பிரச்சினையே இல்லை. சாண்ட் பிளாஸ்டிங் செய்து பவுடர் கோட்டிங் கொடுத்தால் புதிதாகிவிடும். குழி குழியாக அரித்த துரு வேறு. அதுவும் டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் இருந்தால் எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் காற்று கசிந்துகொண்டே இருக்கும்.

நட் ஓட்டைகளைப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டும், நட்டின் கூம்பு உட்காரும் சரிவு வழவழப்பாகத் தேயாமல் இருக்க வேண்டும். நட் தளர்ந்தபடியே ஓடிய ரிம்மில் ஓட்டை நீள்வட்டமாகியிருக்கும். அதை எந்த லேத்திலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

கோட்டம் பார்க்க, டயர் இல்லாத வெற்று ரிம்மையே பாலன்சிங் மெஷினில் மாட்டிச் சுற்றச் சொல்லுங்கள். விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை அசையாமல் பிடித்தால் மேலே கீழே ஆடுவதும் பக்கவாட்டில் ஆடுவதும் கண்ணுக்கே தெரியும். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினால் தட்டி எடுக்கலாம். மேலும் கீழுமாக ஆடினால் அது முட்டை வடிவமாகிவிட்ட ரிம், கழித்துவிடுங்கள். ஜிம்னிக்கு இது மற்ற வண்டிகளைவிட முக்கியம். முன்னால் ஒற்றை இரும்பு அச்சு இருப்பதால் ஒரு சக்கரத்தின் ஆட்டம் மறு சக்கரத்துக்கும் போய், எழுபது எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் உதறத் தொடங்கும். டயரை மாற்றி, ஸ்டியரிங் அதிர்வை அடக்கும் டாம்பரை மாற்றி, கடைசியில் ரிம்தான் காரணம் என்று கண்டுபிடிப்பதற்குள் கை நிறையப் பணம் போயிருக்கும்.

இதன் மறைவான செலவுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பேரம் பேசப் போங்கள். ஐந்து ரிம்முக்கும் பிளாஸ்டிங், கோட்டிங், புது வால்வு, கோட்டம் எடுக்கும் கூலி, பாலன்சிங், அலைன்மென்ட். இவற்றோடு, ஐந்தில் ஒன்று தேறாமல் போய் ஆறாவது ஒன்றைத் தேடும் அலைச்சல். எல்லாம் கூட்டிப் பார்த்து, கம்பெனி ஷோரூமில் கிடைக்கும் புது இரும்பு ரிம்மின் விலையில் முக்கால் பங்கைத் தாண்டினால் புதிதே மேல்.

இன்னொன்று: ரிம்மோடு "டயரும் சேர்த்து எடுத்துக்கோங்க, பட்டன் நல்லா இருக்கு" என்பார்கள். ரிம் பழையதாக இருக்கலாம், டயர் பழையதாக இருக்கக் கூடாது. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. நம் வெயிலில் நின்ற டயரின் ரப்பர் பட்டன் தேயாமலே கெட்டியாகிவிடும், பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு ஓடும். ரிம்மில் மிச்சம் பிடித்த காசைப் புது டயரில் போடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயர் மீதான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியிருக்கிறது, பழைய பில்லைக் காட்டி விலை சொல்பவரிடம் இதை ஞாபகப்படுத்துங்கள்.

வழி 4: 235/75, அகல ரிம், லிஃப்ட்

படத்தில் பார்த்து எல்லோரும் ஆசைப்படுவது இது. 20 மி.மீ. உண்மையான உயரம் கிடைக்கிறது, பாறைப் படிகளில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் இது டயர் வாங்கும் வேலை அல்ல, வண்டியை மாற்றும் வேலை. 5.5 அங்குல ரிம் இதன் வரம்புக்குள் வராது, ஆகவே வண்டியின் சொந்த ரிம்மும் உதவாது, ஜீட்டாவின் இரும்பு ரிம்மும் உதவாது. ஆறு அங்குலமோ அதற்கு மேலோ அகலமுள்ள ரிம் வேண்டும். கம்பெனி ஆஃப்செட்டில் ஸ்டியரிங்கை ஒடித்தால் உள்பக்கம் உரசும், ஆகவே வெளியே தள்ளிய ரிம் வேண்டும். வெளியே தள்ளினால் பம்பர் ஓரம் உரசும், ஆகவே வண்டியின் உடலை அச்சிலிருந்து உயர்த்தும் லிஃப்ட் வேண்டும். லிஃப்ட் போட்டால் அச்சு பக்கவாட்டில் நகரும், ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணம் குறையும், அதற்குத் திருத்தப் புஷ்ஷும், அச்சைப் பக்கவாட்டில் பிடித்துவைக்கும் பேன்ஹார்டு கம்பியில் நீளம் மாற்றக்கூடியதும் வேண்டும். ஒன்றை வாங்கினால் அது அடுத்ததை இழுத்துக்கொண்டு வரும்.

எடையும் பெரிது. சிறு லாரி வகை 235 டயர் ஒன்றே 18 கிலோ வரை வரும், அதன் மேல் அகல இரும்பு ரிம். இந்த எடையில் ஒன்று பின் கதவின் கீலில் நாள் முழுக்கத் தொங்கும். கீல் தொய்ந்து கதவு சரியாகப் பூட்டாமல் போவது இரண்டு மூன்று வருடத்தில் தெரியவரும்.

கியர் கணக்கும் மாறும். உயரம் கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடியதால் ஒவ்வொரு கியரும் அந்த அளவுக்கு நீண்டுவிடும். ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் இரண்டாவது கியரில் ஏறிய இடங்களில் முதல் கியர் கேட்கும். மைலேஜும் குறையும், ஆனால் மீட்டர் காட்டும் அளவுக்குக் குறையாது. ஓடிய தூரத்தை மீட்டர் குறைத்துச் சொல்வதால், லிட்டருக்கு 14 என்று கணக்கு வந்தால் உண்மையில் 14.8. வேகமும் அப்படியே: 80-இல் எச்சரிக்கை மணி அடிக்கும்போது நீங்கள் 85-ஐ நெருங்கியிருப்பீர்கள். போன் ஜிபிஎஸ்ஸில் ஒரு தடவை சரிபார்த்து, வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரேக் மட்டும் அதே பழைய பிரேக்.

இதுவே சரியான வழியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். ஊர் ஓட்டத்துக்கு வேறு கார் வைத்திருப்பவர், பாறையும் ஓடையும் கடக்கும் ஆஃப்ரோடு பழக்கத்துக்கென்றே ஜிம்னியை ஒதுக்கியவர், எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்து முடிக்கப் பணமும் தெரிந்த மெக்கானிக்கும் உள்ளவர். பாதி மட்டும் செய்து மீதியை அடுத்த வருடம் பார்க்கலாம் என்பவருக்கு இது ஆகாது. அரைகுறையாக நிற்கும் இந்த வண்டிதான் நான்கு வழிகளிலும் ஆபத்தானது.

மணலுக்கு எது?

திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் இறங்குபவர்கள் தனியாகக் கேட்பார்கள் என்பதால் இது. மணலில் டயரின் அளவைவிடக் காற்றின் அளவுதான் வேலை செய்கிறது. 195-ஐயே 16, 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் படுத்து, ஜிம்னி மாதிரி இலகுவான வண்டியை மிதக்கவைக்கும். கம்பெனி காற்றோடு 235 போட்டவர் அதே இடத்தில் அச்சு வரை புதைவார். 15-க்குக் கீழே சாதாரண ரிம்மில் இறங்காதீர்கள், திருப்பத்தில் டயர் கழலும். மணலுக்காக மட்டும் கேட்கிறீர்கள் என்றால் டயர் வாங்கும் காசில் ஒரு நல்ல கம்ப்ரஸரும் காற்றளவு மீட்டரும் வாங்குங்கள். தார் ரோடு ஏறியதும் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றை ஏற்றிவிட வேண்டும், மறந்துவிட்டு வேகம் பிடித்தால் டயர் சூடேறிப் பக்கச்சுவர் போய்விடும்.

பொள்ளாச்சியில் நடந்தது

தோப்புக்காரர் ஜீட்டா ரிம் ஐந்தை ஒருவரிடமிருந்து எடுத்தார். நான்கு நேராக இருந்தன. ஐந்தாவதில் பக்கவாட்டுக் கோட்டம் இருந்தது, தட்டி எடுத்து அதையே ஸ்டெப்னியாக வைத்துக்கொண்டார். 215/75 பயணிகள் வகை ஏ/டி டயர் ஐந்தும் உள்ளூர்க் கடையிலேயே கிடைத்தது. மாட்டிய அன்று டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு நட்டை முறுக்கினோம். பவுடர் கோட்டிங் போட்ட ரிம்மில் நட்டுக்கு அடியில் உள்ள பெயின்ட் அமுங்கி நட் தளரும் என்பதால், சரிவுகளில் இருந்த கோட்டிங்கை முன்னதாகவே சுரண்டி எடுத்துவிட்டோம். அப்படியும் நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி முறுக்கிப் பார்த்தபோது, இருபது நட்டுகளில் மூன்று நட்டுகள் கால் சுற்று உள்ளே போயின.